கட்டிப்போடாத நூல்

மரகதம்: "அப்பா, இந்த மிஷினுக்கு மரம் எது, காலு எதுன்னு தெரியுமா?" இதாண்ணா எம் பொண்ணு வைஷ்ணவி கேட்டது. அப்போ அவளுக்கு அஞ்சு வயசு. அவரு வாசப்படியில உக்காந்து மரம் அறுக்கற மிஷினோட செயினுக்கு அரம் போட்டுக்கிட்டு இருந்தாரு.

மைக்கேல்ராஜ்: இளங்கோவன் இன்னா சொன்னான்?

மரகதம்: அரத்தைக் கீழ வெச்சுட்டு எழுந்து வெளிய போயிட்டாரு. சாப்பாட்டுக்குக்கூட வரல.

மைக்கேல்ராஜ்: குழந்தை கேட்டதுக்கா கோவிச்சுக்கிட்டான்?

மரகதம்: கோவம் இல்லண்ணா. பதில் இல்ல. அவளுக்கு இப்ப பத்து வயசாகப் போகுது, அவ மறந்துட்டா. அந்தக் கேள்வி மட்டும் எங்க வீட்டுலயே தங்கிடுச்சு.

மைக்கேல்ராஜ்: அதுக்கு நீ பதில் தைச்சுக் கொண்டாந்துட்டே... பூசைக்குப் போயிட்டு வந்தவனை வெள்ளைச் சட்டையோட கடை ஷட்டரைத் தூக்க வெச்சுட்டே.

மரகதம்: இன்னைக்குத்தாண்ணா பக்கத்து மர டிப்போ லீவு. மிஷின் சத்தம் கேட்டு யாரும் வந்து நிக்கமாட்டாங்க.

மைக்கேல்ராஜ்: நின்னா இன்னா? சந்தாபுராவுல வேடிக்கை பாக்கறதுக்கு டிக்கெட்டா போடறாங்க?

மரகதம்: பாத்தா அவருகிட்ட சொல்லுவாங்க. அவருக்குத் தெரியக் கூடாது. நேத்து மழையில ஜெயமஹால் பக்கம் மரம் விழுந்திருக்குன்னு முதல் பஸ்ஸுலயே போயிட்டாரு. சாயங்காலம்தான் வருவாரு.

மைக்கேல்ராஜ்: புருஷனுக்குத் தெரியாம புருஷன் காலைக் காப்பாத்தற ஆளு நீதான். சரி, பிரி. மூட்டை மாதிரி சுத்தி வெச்சிருக்கியே...

மரகதம்: கால் பேட். முன்பக்கம் தொடையிலேர்ந்து கணுக்கால் வரைக்கும் மூடும். பின்னால பட்டை போட்டு பக்கிள்.

மைக்கேல்ராஜ்: இந்தத் துணி எங்க பிடிச்சே? நம்ம சந்தைத் துணி இல்லையே இது.

மரகதம்: எங்க கம்பெனியில வெளிநாட்டுக்கு இந்த மாதிரி பேன்ட் தைச்சாங்க. மரம் அறுக்கறவங்க போட்டுக்கறது. அது வேற லைன். நான் குழந்தைங்க ஃபிராக் லைன். அளவு சரியில்லைன்னு சாம்பிள் பூரா திரும்பி வந்துடுச்சு. எரிக்கப் போறாங்கன்னு கேள்விப்பட்டு சூப்பர்வைசர் சீதாலட்சுமி மேடம் கிட்ட போய் நின்னேன்.

மைக்கேல்ராஜ்: குடுத்துட்டாங்களா? ஒரு பட்டன் வெளிய போனாலே கேட்டுல பையை உதறுவாங்களே.

மரகதம்: அவங்களே கேட்டு வரைக்கும் கூட வந்து அனுப்பி வெச்சாங்க. "எதுக்கு மரகதம்?"னு ஒரே ஒரு தடவை கேட்டாங்க. "ஒருத்தரு காலுக்கு மேடம்"னேன். அதுக்கு மேல கேக்கல. டிபன் பாக்ஸைக் கையில வாங்கிக்கிட்டு, மூட்டையைத் தூக்கி என் தலையில வெச்சாங்க.

மைக்கேல்ராஜ்: நல்லா இருக்கணும் அந்தம்மா... இதுக்குள்ள இன்னா, பஞ்சா?

மரகதம்: நூலு. ஓரத்துல பாருங்க. சேமியா மாதிரி நீள நீளமா, அடுக்கு அடுக்கா.

மைக்கேல்ராஜ்: தகடு?

மரகதம்: இல்ல.

மைக்கேல்ராஜ்: கம்பி வலை, ஏதாவது?

மரகதம்: நூலு மட்டும்தாண்ணா.

மைக்கேல்ராஜ்: மரகதம், நீ தப்பா நெனச்சுக்காத. முழு வேகத்துல இந்தச் செயினு ஒரு செகண்டுல என் கடையை ரெண்டு தடவை சுத்தி வர்ற தூரம் ஓடும். முத்தின தேக்குல இறங்கினா நான் கையை அழுத்தவே வேண்டாம், தானா போகும். அதை நூலு நிறுத்துமா?

மரகதம்: நிறுத்தும்னுதானே அந்த ஊருல போட்டுக்கறாங்க.

மைக்கேல்ராஜ்: அந்த ஊருல தைச்சதுக்கு நிக்கும். சந்தாபுராவுல தைச்சதுக்கு நிக்குமா?

மரகதம்: அதுக்குத்தானே உங்ககிட்ட வந்தேன். தைக்கறதுதான் எனக்குத் தெரியும். அறுத்துப் பாக்கறது நீங்க.

மைக்கேல்ராஜ்: சரி, எதுமேல கட்டி அறுக்கறது? என் இடது காலைக் கழட்டித் தரட்டுமா? ஜெய்ப்பூர் பொய்க்காலு, தொடை, முட்டி, பாதம் எல்லாம் இருக்கு. வெட்டு பட்டாலும் அதுக்கு வலிக்காது.

மரகதம்: அண்ணா...

மைக்கேல்ராஜ்: நானே சிரிக்கறேன், உனக்கு இன்னா?

மரகதம்: நீங்க சிரிக்கறப்போதான் எனக்குத் தாங்கல. வாழைமரத் துண்டு கொண்டாந்திருக்கேன். பூக்கார அக்கா வீட்டுக் கொல்லையில சாஞ்சிருந்தது. கட்டைமேல வெச்சுக் கட்டினா சதை மாதிரி இருக்கும். சின்னக் கீறல் விழுந்தாலும் தெரியும்.

மைக்கேல்ராஜ்: நல்ல யோசனை. அந்தப் பக்கம் கயிறைப் பிடி. இறுக்கு... இன்னும்... இது இன்னா தையலு, குறுக்கும் நெடுக்கும்?

மரகதம்: உள்ள அடுக்கு நழுவிக்கிட்டே இருந்துச்சு. பாப்பா மெத்தைக்குப் போடற மாதிரி கட்டம் கட்டமா ஓட்டிட்டேன். இப்போ ஒரு இழை நகராது.

மைக்கேல்ராஜ்: அழகா இருக்கு. இதைப் போட்டுக்கிட்டுக் கல்யாணத்துக்கே போலாம்.

மரகதம்: கிண்டல் பண்ணாதீங்க. மூணு பேடுக்கும் அப்படியே போட்டிருக்கேன். எத்தனை ஊசி உடைஞ்சுது தெரியுமா?

மைக்கேல்ராஜ்: மூணு இன்னாத்துக்கு?

மரகதம்: மூணுக்குத்தான் துணி வந்துச்சு. சோதிக்க, தப்பாப் போனா மறுபடி சோதிக்க, அப்புறம் போட்டுக்க.

மைக்கேல்ராஜ்: சரி. அந்தத் தகரத்துக்குப் பின்னால போய் நில்லு. நான் சொல்ற வரைக்கும் வராத... ஒரு நிமிஷம்.

மரகதம்: இன்னாண்ணா?

மைக்கேல்ராஜ்: சிலுவை போட்டுக்கறேன். மிஷினைக் கையில எடுத்தா பழக்கம்.

மரகதம்: நானும் மாரியம்மனைக் கும்பிட்டுக்கறேன்.

மைக்கேல்ராஜ்: சேத்துக் கும்பிடு. ரெண்டு பேரும் வரட்டும். காதைப் பொத்திக்கோ.

மரகதம்: ...

மைக்கேல்ராஜ்: ...

மரகதம்: நின்னுச்சா? அண்ணா, மிஷின் நின்னுச்சா?

மைக்கேல்ராஜ்: நான்தான் நிறுத்தினேன்.

மரகதம்: அப்போ?

மைக்கேல்ராஜ்: அங்கயே இரு.

மரகதம்: நான் பாக்கணும்.

மைக்கேல்ராஜ்: பாரு அப்போ.

மரகதம்: ...வாழை ரெண்டா போயிருக்கு.

மைக்கேல்ராஜ்: அடியில கட்டை வரைக்கும் போயிருக்கு.

மரகதம்: ஒரு நொடிகூடத் தடுக்கலையா?

மைக்கேல்ராஜ்: கையில ஒண்ணுமே தெரியல எனக்கு. காகிதம் மாதிரி. உக்காரு... அந்த ஸ்டூல்ல உக்காரும்மா. தண்ணி குடி.

மரகதம்: இதைப் போட்டுக்கிட்டு நாளைக்கு ஒருத்தரு நம்பி நின்னிருப்பாரே. பேட் இருக்குன்னு இன்னும் ஒரு அடி கிட்டப் போயிருப்பாரு. என் தையலை நம்பி...

மைக்கேல்ராஜ்: அதான் நம்பறதுக்கு முன்னாடி பாத்துட்டோமே. ஆண்டவரு வாழையோட நிறுத்திக்கிட்டாரு. அழாத.

மரகதம்: அழல. தூசு.

மைக்கேல்ராஜ்: என் கடையில தூசுக்குக் குறைச்சலா? துடைச்சுக்கோ. நான் செயினைக் கழட்டிச் சுத்தம் பண்றேன்... அட. இங்க வா. இன்னாது இது?

மரகதம்: எது?

மைக்கேல்ராஜ்: செயினு சுத்தற பல்லுசக்கரம். மூடிக்கு உள்ள. வெள்ளையா நூலு சுத்தியிருக்கு பாரு. நாலே இழை. இழுத்தா வரமாட்டேங்குது... குறடு குடு. வரலயே. எங்கேர்ந்து வந்துச்சு இது? மத்ததெல்லாம் பொடிப்பொடியா வெட்டுப்பட்டுக் கிடக்கே.

மரகதம்: காட்டுங்க. இது முழு நீளமா இருக்கு... அண்ணா, பேடோட கீழ் ஓரத்தைப் பாருங்க. அங்கதான் கடைசி ஊசியும் உடைஞ்சு ரெண்டு விரல் அகலத்துக்குத் தையல் போடாம விட்டேன். அங்கேர்ந்துதான் உருவிக்கிட்டு வந்திருக்கு.

மைக்கேல்ராஜ்: செயினு வெளிய வர்றப்போ அந்த ஓரத்துல உரசியிருக்கும். உரசினதுக்கே நாலு இழை போய்ச் சக்கரத்தைப் பிடிச்சிருக்கு. மத்த இடத்துல ஏன் வரல?

மரகதம்: ...நான் வர விடல.

மைக்கேல்ராஜ்: புரியல.

மரகதம்: நகரக் கூடாதுன்னு கட்டம் கட்டமா கட்டிப்போட்டுட்டேனே. அது நகர்ந்து போய் அந்தப் பல்லுல மாட்டிக்கணும். அதான் அதோட வேலை. நான் கையைக் காலைக் கட்டிச் செயினுக்கு அடியில படுக்க வெச்சுட்டேன். அது தடுக்கறதுக்கு இல்லண்ணா... இழுத்தா கூடப் போறதுக்கு.

மைக்கேல்ராஜ்: கூடப் போய்?

மரகதம்: போய்ச் சுத்திக்கறதுக்கு. உங்ககிட்ட பிளேடு இருக்கா?

மைக்கேல்ராஜ்: இத்தனை தையலையும் பிரிக்கப் போறியா?

மரகதம்: ரெண்டாவது பேடுல பிரிச்சுப் பாப்போம். சுத்தி ஓரம் மட்டும் விட்டுட்டு.

மைக்கேல்ராஜ்: ஒரு பக்கம் நானும் பிரிக்கறேன், குடு.

மரகதம்: தையலை மட்டும். உள்ள இருக்கற இழையில பிளேடு படக் கூடாது.

மைக்கேல்ராஜ்: செயின் பல்லைக் கண்ணால அளந்து தீட்டறவன்மா நான்.

மரகதம்: அது இரும்பு, தாங்கும். இதை மெதுவா... அப்படித்தான். தூக்கி, அறுத்து, உருவுங்க.

மைக்கேல்ராஜ்: இளங்கோவன் இதைப் போட்டுப்பான்னு நெனைக்கறே? ஹெல்மெட்டுல வெங்காயம் வாங்கிட்டு வர்ற ஆளு.

மரகதம்: போட வெக்கறது என் பொறுப்பு.

மைக்கேல்ராஜ்: வெயில்ல தொடை வெந்துடும்பான்.

மரகதம்: நீங்களா இருந்தா இன்னா சொல்லுவீங்க?

மைக்கேல்ராஜ்: எனக்கு இன்னா, கடையில உக்காந்து அரம் போடறவன்.

மரகதம்: நாளைக்கும் அரம்தானா?

மைக்கேல்ராஜ்: ...யாரு சொன்னது உனக்கு?

மரகதம்: மேஸ்திரி சின்னப்பா வீட்டு காந்தாக்கா. தண்ணி பிடிக்கறப்போ. ரோடு அகலம் பண்ற வேலை நெறைய வந்திருக்கு, மிஷின் பிடிக்க ஆளு இல்ல, மைக்கேலு நாளையிலேர்ந்து வர்றாருன்னாங்க.

மைக்கேல்ராஜ்: அந்தம்மா வாயில எதுவும் நிக்காது. மரத்துல ஏறப் போறதில்லம்மா. சாஞ்சு கிடக்கறதைத் துண்டு போடறது மட்டும். தரையில நின்னு.

மரகதம்: அன்னைக்கும் தரையிலதானே நின்னீங்க.

மைக்கேல்ராஜ்: அன்னைக்கு மழை. சேறு. வழுக்கிடுச்சு... என் மிஷினு, என் காலு. யாரைச் சொல்ல? ஆயித்து, முடிஞ்சுபோச்சு, விடு.

மரகதம்: கடையிலதான் வேலை இருக்கே. எதுக்கு மறுபடி?

மைக்கேல்ராஜ்: அடுத்தவன் அறுக்கறதுக்கே பல்லு தீட்டிக் குடுத்துக்கிட்டு இருக்கேன். மரத்து முன்னால நின்னு, அதோட பாரம் எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்து, மிஷினைத் தொட்டு... சொன்னா புரியுமா உனக்கு?

மரகதம்: ரெண்டு நாள் லீவு விட்டா எனக்குக் காலு தையல் மிஷினைத் தேடுது. புரியாம இன்னா?

மைக்கேல்ராஜ்: எனக்கும் தேடுது. தேடறதுக்குத்தான் ஒரு காலு குறைச்சல்.

மரகதம்: திரும்பவும் ஆரம்பிச்சுட்டீங்க.

மைக்கேல்ராஜ்: சரி சரி. இது முடிஞ்சுது பாரு. தூக்கினா தொளதொளன்னு ஆடுது.

மரகதம்: எங்க லைன்ல இப்படி அனுப்பினா மேடம்கூடத் திட்டுவாங்க. பாக்கவே சங்கடமா இருக்கு.

மைக்கேல்ராஜ்: பாக்கறதுக்கா தைச்சே? கட்டு. மிச்ச வாழையை வை, நான் சக்கரத்து நூலை அறுத்தெடுத்துட்டுச் செயினை மாட்டறேன்... ம். தகரத்துக்குப் பின்னால போ.

மரகதம்: போறேன். ஆனா இந்தத் தடவை எட்டிப் பாப்பேன். கண்ணை மூடமாட்டேன்.

மைக்கேல்ராஜ்: உன் இஷ்டம். முழு வேகத்துல இறக்குவேன். உனக்காகக் கையை இளக்கமாட்டேன்.

மரகதம்: இளக்காதீங்கண்ணா.

மைக்கேல்ராஜ்: ...

மரகதம்: ...

மைக்கேல்ராஜ்: ...

மரகதம்: ஏன் நிறுத்திட்டீங்க?

மைக்கேல்ராஜ்: நான் நிறுத்தல.

மரகதம்: இன்னா?

மைக்கேல்ராஜ்: நான் நிறுத்தல, மரகதம். வந்து பாரு. என் விரலு இன்னும் ஆக்சிலேட்டர்லயே இருக்கு.

மரகதம்: நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். இறங்கிச்சு... வெள்ளையா ஏதோ புகை மாதிரி எழும்பிச்சு... அவ்வளவுதான். குருவி கத்தறது கேக்குது.

மைக்கேல்ராஜ்: தொட்டுச்சு, நின்னுபோச்சு. மரத்துல பழைய ஆணி இருந்தா தெறிக்கும். கல்லு பட்டா நெருப்பு பறக்கும். கம்பத்துல மோதிகூடப் பாத்திருக்கேன், துள்ளும், நிக்காது. இத்தனை வருஷத்துல இந்தச் செயினை எதுவும் நிறுத்தி நான் பாத்ததே இல்ல.

மரகதம்: மூடியைத் திறங்க.

மைக்கேல்ராஜ்: திறக்கறேன். கை வழுக்குது, இரு... அம்மாடி.

மரகதம்: தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி இருக்கு.

மைக்கேல்ராஜ்: சக்கரமே தெரியல பாரு. எத்தனை சுத்து சுத்தியிருக்கு. தொட்டுப் பாரு, கல்லு மாதிரி இறுகிப்போயிருக்கு. இப்பத்தானே இது தொளதொளன்னு ஆடிச்சு?

மரகதம்: வாழை எப்படி இருக்கு?

மைக்கேல்ராஜ்: நீயே பிரி. எனக்குப் பாக்க தைரியம் இல்ல.

மரகதம்: மேல் துணி போயிருக்கு... முதல் அடுக்கு போயிருக்கு. ரெண்டாவது பாதி உருவியிருக்கு. மூணாவது... அண்ணா. மூணாவதுலேர்ந்து எல்லாம் அப்படியே இருக்கு.

மைக்கேல்ராஜ்: வாழை?

மரகதம்: ஒரு சொட்டு தண்ணிகூடக் கசியல. நீங்களே தடவிப் பாருங்க.

மைக்கேல்ராஜ்: ...ஆண்டவரே. பச்சைக் குழந்தை தொடை மாதிரி இருக்கு.

மரகதம்: ஆமாண்ணா.

மைக்கேல்ராஜ்: இரும்பை நிறுத்த இன்னொரு இரும்புதான் வேணும்னு இத்தனை நாளு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இது சண்டையே போடல பாரு. போய்க் கையைப் பிடிச்சுக்குச்சு. போதும், நில்லுன்னுச்சு.

மரகதம்: அதட்டக்கூட இல்ல.

மைக்கேல்ராஜ்: அதட்டல. பாதிரியாரு மணிக்கணக்கா சொல்லிப் புரியாததை ஒரு நூலு சொல்லிக் குடுக்குது எனக்கு. இரு, கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துக்கறேன்.

மரகதம்: உக்காருங்க. நான் மூணாவதைப் பிரிக்கறேன்.

மைக்கேல்ராஜ்: இந்த ரெண்டாவது இனிமே உதவாது, இல்ல?

மரகதம்: உதவாது. அதுல இருக்கற நூலு போயிடுச்சே. சோதிச்சதைப் போட்டுக்க முடியாது. போட்டுக்கறதைச் சோதிக்க முடியாது. மூணாவதை நம்பத்தான் வேணும்.

மைக்கேல்ராஜ்: நம்பலாம். கண்ணால பாத்துட்டேன். குடு, அந்த மூலையை நான் பிரிக்கறேன்... ஒரு தையல் விட்டுட்டே பாரு, இங்க.

மரகதம்: எடுத்துடுங்க. ஒண்ணுகூட இருக்கக் கூடாது... அவ்வளவுதான். இப்போ பட்டை சரியா வருதான்னு பாக்கணும். கட்டிக்குங்க.

மைக்கேல்ராஜ்: இளங்கோவன் என்னைவிட ஒரு சாண் உயரம். எனக்குக் கட்டி இன்னா தெரியும்?

மரகதம்: கட்டுங்களேன்.

மைக்கேல்ராஜ்: பக்கிள் உள்பக்கம் வருது, பாரு. நடந்தா இன்னொரு காலுல உரசும். தப்பாத் தைச்சுட்டே.

மரகதம்: அது இடது காலு. வலது கால்ல கட்டுங்க.

மைக்கேல்ராஜ்: ...ம். வலதுக்குச் சரியா இருக்கு. கச்சிதமா இருக்கு. அப்போ இடதுக்கு எங்க? இரு, அந்த ரெண்டையும் குடு... இதுலயும் பக்கிள் இந்தப் பக்கம். இதுலயும். மூணுமே வலது காலா? நல்ல ஆளுமா நீ, உன் புருஷனுக்கு ரெண்டு காலு இருக்கறதை மறந்துட்டியா?

மரகதம்: மறக்கல. அவருக்கு ரெண்டு இருக்கு. உங்களுக்குத்தான் ஒண்ணு. நாளைக்கு நீங்க போறப்போ இது காலுல இருக்கணும். வேர்க்கும். வேர்க்கட்டும்.

மைக்கேல்ராஜ்: எனக்காம்மா இது? காலையிலேர்ந்து நான் என் காலையா அறுத்துக்கிட்டு இருந்தேன்?

மரகதம்: மேடம் அடுத்த தடவை சாம்பிள் வந்தா சொல்றேன்னிருக்காங்க. அவருக்கு அப்போ தைக்கறேன். இதை யாரு குடுத்ததுன்னு கேட்டா, சேட்டு கடையில பழசா கிடைச்சுதுன்னு சொல்லிடுங்க. நான் தைச்சது அவருக்குத் தெரிய வேண்டாம்.

மைக்கேல்ராஜ்: ஏன்?

மரகதம்: எதுக்குத் தைச்சேன்னு யோசிப்பாரு.

மைக்கேல்ராஜ்: நானும்தான் யோசிக்கறேன். எதுக்கு? அன்னைக்கு வழுக்கி விழுந்தது நான். அறுத்தது என் மிஷினு. உன் வீட்டுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. போலீஸ்லயும் அப்படித்தான் எழுதியிருக்காங்க.

மரகதம்: நீங்க சொன்னதை எழுதினாங்க.

மைக்கேல்ராஜ்: நடந்ததைச் சொன்னேன்.

மரகதம்: சின்னவன் அஷ்வின் அப்போ என் வயித்துல. நிறைமாசம். அவரை உள்ள வெச்சிருந்தா எங்களுக்கு யாரும் இல்ல.

மைக்கேல்ராஜ்: மரகதம், வேண்டாம். அவன் உங்கிட்ட ஏதாவது சொன்னானா?

மரகதம்: இதுவரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல. சொல்ல முடியாம கிடக்காரு, நானும் கேக்கல. ஆனா அதுக்கு முந்தின நாளு செயினு அறுந்துபோச்சுன்னு நீங்க கொண்டாந்து வெச்ச உங்க மிஷினு, அன்னைக்குப் பூரா எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியிலதான் இருந்துச்சுண்ணா. வேலைக்குப் போனது அவரு மிஷினு ஒண்ணுதான்... காலை நீட்டுங்க, அந்தப் பட்டை இன்னும் ஒரு துளை இறுகணும்.